கென் டாட்டின் 1994 தொலைக்காட்சி நிகழ்ச்சி: அந்த ஒரு மணி நேரம் போதுமா?

கடல்காகம்:

லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இரண்டு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஒன்று பெஸ்ஸி பிராடக், இந்த ஊரின் பழைய தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். இன்னொன்று தலைமுடி எல்லாப் பக்கமும் சிலிர்த்து நிற்க, கையில் தூசி துடைக்கும் இறகுக் கோலைப் பிடித்திருக்கும் ஒரு மனிதர். வேலைக்கு வந்த புதிதில், இவர் யார் என்று கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சிலையில் நிற்பவர் லிவர்பூல் நகைச்சுவைக் கலைஞர் கென் டாட். கேசட்டில் இருந்தது 1994-ல் ஐடிவி தொலைக்காட்சியில் வந்த 'ஆன் ஆடியன்ஸ் வித் கென் டாட்'. ஒளிபரப்பான அன்று பெரியவரே பதிவு செய்து வைத்தது.

பார்க்காதவர்களுக்கு நிகழ்ச்சியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் 1980-ல் டேம் எட்னா எவரேஜ் என்ற நகைச்சுவைப் பாத்திரத்தை வைத்துத் தொடங்கிய வரிசை இது. ஒரே ஒரு கலைஞர் மேடையில் நிற்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நடிகர்கள், பாடகர்கள், விளையாட்டு வீரர்கள், தொலைக்காட்சி முகங்கள். அவர்களில் சிலர் இடையிடையே கேள்வி கேட்பார்கள். பில்லி கானலி 1985-ல் செய்தார், விக்டோரியா வுட் 1988-ல் செய்தார். டாட்டின் முறை வந்தபோது அவர் அறுபத்தைந்தைத் தாண்டியவர். 1979-ல் லண்டனில் காமெடி ஸ்டோர் என்ற நகைச்சுவை அரங்கம் திறந்த பிறகு வந்த புதிய தலைமுறை, துடைப்பக் கோலோடு வருகிற இவரைத் தன் தாத்தா காலத்து ஆளாக நினைத்த நேரம் அது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் முன்னால் நின்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பும்போதெல்லாம், மேடையே தொழிலாகக் கொண்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பது தெரியும்.

போன வாரம் மறுபடி பார்த்தேன். அதனால்தான் இந்த இழை. அந்த நிகழ்ச்சி மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. நான் அவரை நேரில் பார்த்தவன். 2013-ல் நியூ பிரைட்டனில் உள்ள ஃப்ளோரல் பவிலியன் அரங்கம். மாலை 7 மணிக்குத் தொடங்கியது. நடுவில் வேறு கலைஞர்கள் வந்து பாடினார்கள், வாசித்தார்கள். மற்ற நேரமெல்லாம் அவர்தான். நாங்கள் வெளியே வந்தபோது நள்ளிரவு 12:20. அப்போது அவருக்கு 85 வயது. பத்தரை மணிக்கு மேல் அரங்கத்தில் ஒரு மாற்றம் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதுவரை நல்ல ஜோக்குக்குச் சிரித்தவர்கள் அதற்குப் பிறகு எதற்கும் சிரித்தார்கள். அவர் ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தினாலே போதும். எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

அது தொலைக்காட்சியில் இல்லை. ஒரு மணி நேரத்தில் விளம்பர இடைவேளையும் போக மிஞ்சுவதில் அது நடக்கவே வழியில்லை. கென் டாட்டின் கலை நேரத்தை நீட்டுவதில்தான் இருந்தது, நேரத்தைச் சுருக்கிய நிகழ்ச்சி அவருடைய சிறந்த பதிவாக நின்றுவிட்டது என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன?

செம்பருத்தி:

நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இணையத்தில் கிடைத்த துண்டுகளைப் பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். இருந்தும் முக்கால்வாசி காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. வேகம் அதிகம். ஒன்று புரிவதற்குள் அடுத்த இரண்டு வந்துவிடுகின்றன. அந்தக் கோல் எதற்கு, எல்லாரும் ஏன் அதைப் பார்த்தவுடன் கைதட்டுகிறார்கள் என்பதும் பிடிபடவில்லை.

பில்லி கானலியின் 1985 நிகழ்ச்சியையும் பார்த்தேன். அது வேறு. அவர் கிளைடு நதிக்கரைக் கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தவர், வாழ்க்கையிலிருந்து கதை சொல்கிறார். கிளாஸ்கோ உச்சரிப்பு கடினமாக இருந்தாலும் மனிதர்கள் தெரிந்தார்கள். டாட்டிடம் மனிதர்கள் எங்கே என்று தெரியவில்லை. வெறும் ஜோக்குகளை வரிசையாக அடுக்குவதுபோல் இருந்தது. நீங்கள் நேரில் பார்த்ததால் பிடித்திருக்கலாம். நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத என் போன்றவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் தனியாக நிற்க வேண்டுமே, நிற்கிறதா?

தேம்ஸ்கரை:

கடல்காகம் அண்ணா, இந்த இழையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவு நான் பார்த்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒற்றை அறை, அதில் அப்பா, அம்மா, நான், தங்கச்சி. யாரோ கொடுத்த சிறிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது.

அப்பா ஊரில் ஆசிரியர். எழுத்து ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் இங்கே சனங்கள் கதைக்கிற ஆங்கிலம் அவருக்கு விளங்காது. வேலை இடத்தில் எல்லாரும் பகிடி விட்டுச் சிரிக்கும்போது தான் மட்டும் பேசாமல் நிற்பதாக அம்மாவிடம் சொல்லுவார். அது அவருக்குப் பெரிய நோவு. அதனாலேயே நகைச்சுவை நிகழ்ச்சி எது போனாலும் பாடம் படிப்பதுபோலப் பார்ப்பார்.

அன்றைக்கு டாட் வந்து நின்றதும் அப்பா சிரிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு சொல் கதைக்க முன்னமே. அந்தத் தலைமுடியும், முன்னுக்குத் தள்ளிய பற்களும், கோலை ஆட்டுகிற விதமும். பிறகு பகிடிகள் வர வர, பாதிக்கு மேல் விளங்காமலே சிரித்தார். நான் பள்ளிக்கூடத்தில் பழகிய ஆங்கிலத்தை வைத்து ஒன்றிரண்டை விளங்கப்படுத்தப் பார்த்தேன். "பொறு பொறு, கேட்க விடு" என்று கையைக் காட்டினார். செம்பருத்தி அக்கா விளங்காததால் சிரிப்பு வரவில்லை என்கிறார், அதை நான் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் அப்பா விளங்காமலே சிரித்தார். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தன்னைச் சிரிக்க வைக்க அந்த மனிதர் இவ்வளவு பாடுபடுகிறார் என்பது அவருக்குப் பிடித்திருக்கலாம்.

கோலைப் பற்றிக் கேட்டீர்கள் அக்கா. அதற்கு ஆங்கிலத்தில் டிக்கிளிங் ஸ்டிக் என்று பெயர், கிச்சுகிச்சுக் கோல். மேடைக்கு வந்ததும் தனக்கு எவ்வளவு கிச்சுகிச்சாக இருக்கிறது என்றுதான் தொடங்குவார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மனம் குளிர்ந்துபோனது என்றும் பொருள். அந்த இரட்டைப் பொருளைக் கையில் ஒரு பொருளாகவே பிடித்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் திரிந்தார்.

ஒலிவாங்கி:

நான் மேடை ஒலியமைப்பு வேலை பார்ப்பவன். நாடகம், கச்சேரி, பட்டிமன்றம் எல்லாவற்றுக்கும் செய்திருக்கிறேன். அதனால் இதை வேறு பக்கத்திலிருந்து கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும். செம்பருத்தி சொன்ன வேகம் பற்றித்தான் பேச வேண்டும்.

சிரிப்புக்கு ஒரு வடிவம் உண்டு. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலான நகைச்சுவையாளர்கள் சிரிப்பு முழுக்க அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்குவார்கள். டாட் காத்திருப்பதில்லை. சிரிப்பு உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும் இடத்தில், இன்னும் பாதி மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைப் போடுகிறார். அதனால் அரங்கம் ஒரு நிலைக்குக் கீழே இறங்குவதே இல்லை, ஒவ்வொரு சிரிப்பும் முந்தியதின் தோள்மேல் ஏறி நிற்கிறது. ஊஞ்சலில் பிள்ளையைத் தள்ளும்போது எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும் அல்லவா, அந்தக் கணக்குதான்.

இதை அவர் உள்ளுணர்வால் மட்டும் செய்யவில்லை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எந்த ஜோக் எந்த ஊரில் எப்படிப் போனது என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். நாட்டிங்ஹாமில் சிரித்தது கிளாஸ்கோவில் சிரிக்காது என்பதைக் கணக்காக வைத்திருந்தார். ஃப்ராய்ட், பெர்க்ஸன் என்று சிரிப்பைப் பற்றி எழுதிய சிந்தனையாளர்களை எல்லாம் படித்தவர். படித்துவிட்டு அவர் சொன்னது பிரபலமானது: ஃப்ராய்டிடம் உள்ள குறை என்னவென்றால், அவர் சனிக்கிழமை இரவு கிளாஸ்கோ எம்பயர் அரங்கில் இரண்டாம் காட்சி ஆடியதே இல்லை. இங்கிலாந்து நகைச்சுவையாளர்கள் எல்லாரும் பயந்த அரங்கம் அது, அங்கே நின்று பிழைத்தவர் சொல்கிற வார்த்தை.

1974-ல் லிவர்பூல் ராயல் கோர்ட் அரங்கில் மூன்றரை மணி நேரத்தில் 1,500 ஜோக் சொல்லி கின்னஸ் சாதனை செய்தார். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு ஏழு. அந்த ஏழில் எல்லாமே முத்து இல்லை. சில ஜோக்குகள் சிரிப்புக்காகவே இல்லை, அடுத்ததுக்குத் தாளம் போட்டுக் கொடுப்பதற்காக இருக்கின்றன. மிருதங்கத்தில் எல்லாச் சொல்லும் தீர்மானம் ஆகாது.

அப்புறம் பாட்டு. இடையிடையே அவர் உருக்கமான பாட்டுப் பாடுவார், கிண்டல் இல்லாமல், நிஜமாக. நல்ல குரல். 1965-ல் 'டியர்ஸ்' என்ற பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. நகைச்சுவைக்கு நடுவில் இது எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அதில் ஐயமே இல்லை. கூட்டத்துக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும், வயிற்றுத் தசைக்கு ஓய்வு வேண்டும். ஐந்து மணி நேரம் சிரிக்க வைக்க நினைப்பவர் எங்கே சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கடல்காகத்தின் கேள்விக்கு வருகிறேன். இதுபோன்ற ஸ்டூடியோ நிகழ்ச்சிகளைப் பொதுவாக நீளமாகப் பதிவு செய்து, பிறகு வெட்டி ஒட்டுவார்கள். வெட்டும்போது முதலில் போவது இந்த இறக்கங்கள்தான், ஏனென்றால் வெட்டுபவர் கண்ணுக்கு அது தொய்வாகத் தெரியும். மிஞ்சுவது உச்சிகள் மட்டும். செம்பருத்திக்கு மூச்சு முட்டியதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

செம்பருத்தி:

ஒலிவாங்கி, மிருதங்க உதாரணம் எனக்கு உடனே பிடிபட்டது, நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். தாளம் சரி, சொல் என்ன? ஜோக் என்று எதைச் சொல்கிறார்? யாராவது தமிழில் இரண்டு மூன்று சொல்லிக் காட்டுங்கள். தமிழில் சொன்னால் சிரிப்பு வருகிறதா பார்ப்போம்.

கடல்காகம்:

முயற்சி செய்கிறேன். அவருடைய ஜோக்குகள் இரண்டு வகை, அதில் ஒரு வகை மொழியைத் தாண்டாது. சொற்சிலேடை, அவரே உண்டாக்கிய சொற்கள், லங்காஷயர் பேச்சுவழக்கு, பழைய பொருள்களின் பெயர்கள். டாட்டிஃபிலேரியஸ் என்று ஒரு சொல்லை உண்டாக்கி வைத்திருந்தார். அதை விளக்கினால் செத்துப்போகும். அதை விட்டுவிடுவோம்.

இன்னொரு வகை படம். காதில் விழுந்ததும் கண்ணுக்குள் ஒரு படம் வரும். "எவ்வளவு அருமையான நாள்" என்று மேடையைத் தொடங்குவார். எதற்கு அருமையான நாள்? பக்கத்து வீட்டுக் கதவில் கடிதம் போடுகிற துளை வழியாக ஒரு வெள்ளரிக்காயைச் செருகி, "செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள்!" என்று கத்துவதற்கு! உள்ளே நடைபாதையில் ஒருவர் நின்று அந்தப் பச்சை விரல் மெதுவாக உள்ளே வருவதைப் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். இதில் மொழிபெயர்க்க முடியாதது எதுவும் இல்லை. நம் ஊர்க் கதவில் அந்தத் துளை இருக்காது, அவ்வளவுதான்.

அதே துளை இன்னொரு இடத்திலும் வரும். காட்சி நீண்டுகொண்டே போகும், பார்வையாளர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். உடனே அவர் சொல்வார்: நீங்கள் எழுந்து போய்விடலாம் என்று நினைக்கிறீர்கள், முடியாது. உங்கள் பின்னாலேயே வீடுவரை வந்து, கடிதத் துளை வழியாக ஜோக்கைக் கத்துவேன். ஃப்ளோரல் பவிலியனில் இதை அவர் சொன்னபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நிஜமாகவே வருவார் என்று எங்களுக்குத் தோன்றியது.

செம்பருத்தி, மனிதர்கள் எங்கே என்று கேட்டீர்கள். அவரிடம் கதைமாந்தர் குறைவு என்பது உண்மை. ஒரே ஒரு பாத்திரம்தான் முழுமையாக இருக்கிறது, அது சிரிக்க வைப்பதை நிறுத்த முடியாத ஒரு மனிதன். ஏழு வயதில் நண்பர்கள் சவால் விட்டதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டி விழுந்ததில் பற்கள் அப்படி ஆயின. சிறுவர் இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ஆறு பென்னி தபால்தலை அனுப்பி, பொம்மையைப் பேசவைக்கும் வித்தையைக் கற்றார். அப்பா நிலக்கரி வியாபாரி. தொடக்க காலத்தில் மேடையில் வைத்துக்கொண்ட பெயர் பேராசிரியர் யாஃபிள் சக்கிள்பட்டி, தொழில் ஓபரா பாடகர் மற்றும் சாஸேஜ் முடிச்சுப் போடுபவர். 1954-ல் நாட்டிங்ஹாம் எம்பயர் அரங்கில் தொழில்முறையாக மேடை ஏறியவர், 2017 டிசம்பர் 28-ல்தான் கடைசியாக இறங்கினார். நடுவில் 1965-ல் லண்டன் பலேடியம் அரங்கில் தொடர்ந்து 42 வாரம். அந்தப் பாத்திரத்தை அவர் வெளியே எங்கேயும் கழற்றி வைத்ததாகத் தெரியவில்லை.

பேரேடு:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், 1989 வழக்கை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 1994 நிகழ்ச்சியை அது இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. நான் கணக்காயர், அதனால் எனக்கு இந்தப் பக்கம் ஈர்ப்பு அதிகம்.

வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டில் லிவர்பூல் நீதிமன்றத்தில் அவர் மீது வழக்கு நடந்தது. 3,36,000 பவுண்டு ரொக்கமாக வீட்டில் பெட்டிகளில் இருந்தது என்பது வெளியே வந்தது. மான் தீவிலும் ஜெர்ஸியிலும் வங்கிக் கணக்குகள். பெட்டியில் ஒரு லட்சம் பவுண்டு இருந்தால் எப்படி இருக்கும் என்று நீதிபதி கேட்டதற்கு, "நோட்டுகள் மிகவும் லேசானவை, ஐயா" என்று பதில் சொன்னார். வழக்கறிஞர் ஜார்ஜ் கார்மன். எரிக் சைக்ஸ், ராய் ஹட் போன்ற நகைச்சுவைக் கலைஞர்கள் வந்து அவருடைய நடத்தைக்குச் சாட்சி சொன்னார்கள். ஜூரி எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது.

கோடிக்கணக்கில் சம்பாதித்தவர், பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தவர், செலவு செய்யத் தெரியாமல் ரொக்கத்தைப் பெட்டியில் வைத்தவர் என்பது ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. எந்தக் கலைஞனுக்கும் இது பெரிய அவமானம். ஐந்து வருடம் கழித்து, நாடே அறிந்த முகங்கள் நிறைந்த கூட்டத்துக்கு முன் தனியாக நிற்கிறார். அவர் ஒளிந்துகொள்ளவில்லை என்பதைத்தான் நான் பார்க்கிறேன். வழக்குக்குப் பிறகு அதையே மேடையில் எடுத்துப் பேசினார். அவர் சொன்னது: வருமான வரியைக் கண்டுபிடித்து 200 வருடம் ஆகிறது, அப்போது பவுண்டுக்கு இரண்டு பென்ஸ்தான். இன்னும் அப்படியே இருக்கிறது என்று நினைத்ததுதான் என் தப்பு.

இதில் கணக்காயர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சந்தோஷம் உண்டு. அது சரியான தகவல். நெப்போலியன் போர்க்காலத்தில் வில்லியம் பிட் 1799-ல் கொண்டுவந்த வரி, ஆண்டுக்கு 60 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குப் பவுண்டுக்கு இரண்டு பழைய பென்ஸில்தான் தொடங்கியது. 240 பென்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு என்றிருந்த காலம். வருமானம் ஏற ஏறப் பத்து விழுக்காடுவரை போனது. ஜோக்குக்காகக்கூட மனிதர் எண்ணைத் தப்பாகச் சொல்லவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுதலை ஆனது வேறு, அதை வைத்துச் சிரிக்க வைப்பது வேறு. சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் வாங்குகிற சாதாரண மனிதர்கள் அந்த ஜோக்குக்கு ஏன் அவ்வளவு சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்காத விஷயம்.

தேம்ஸ்கரை:

பேரேடு ஐயா, என் அனுபவத்தை வைத்துச் சொல்லுகிறேன். வங்கியை நம்பாமல் காசை வீட்டில் வைக்கிற ஆட்களை எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும். இல்லாமையில் வளர்ந்தவருக்கு எண்ணிக்கை தாளில் இருந்தால் நம்பிக்கை வராது, கையில் தொட்டால்தான் வரும். லிவர்பூலும் கஷ்டப்பட்ட ஊர். அவர்கள் அவரில் ஒரு பேராசைக்காரனைப் பார்க்கவில்லை, தங்கள் வீட்டுக் கிழவனைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். சரி பிழை வேறு கதை.

மாதுளை:

டாட்டை எனக்குப் பிடிக்கும், அவரைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரிசையிலேயே மிகச் சிறந்தது எது என்று கேட்டால் விக்டோரியா வுட் 1988-ல் செய்ததுதான் என்பேன். டாட் ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லை என்று கடல்காகம் வருந்துகிறார். வுட் ஒரு மணி நேரத்துக்காகவே எழுதினார். தொலைக்காட்சி நிகழ்ச்சி என்றால் எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்வியே இங்கேதான் இருக்கிறது.

அவரும் லங்காஷயர்க்காரர்தான், 1953-ல் பிறந்தவர். பியானோவில் உட்கார்ந்து பாடுவார், நின்று பேசுவார், எல்லாம் தானே எழுதியது. அவர் பேச்சில் வருவது பேருந்து நிறுத்தம், டீக்கடை, சமையலறை அலமாரி, உடம்பைப் பற்றிய கூச்சம், நடுவயதுப் பெண்களின் சின்னச் சின்ன ஏமாற்றங்கள். பிஸ்கட்டின் பெயரைச் சொன்னால் சரியான பிஸ்கட்டாக இருக்கும். வேறு எந்தப் பெயரை அங்கே வைத்தாலும் சிரிப்பு வராது. நான் அந்தப் பிஸ்கட்டைத் தின்றதே இல்லை, ஆனாலும் அது எப்படிப்பட்ட வீட்டில் எந்தத் தட்டில் இருக்கும் என்று தெரிந்துவிடும். செம்பருத்தி கேட்ட மனிதர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள்.

இன்னொன்று, அதுவரை மேடையில் பெண்களைப் பற்றிய ஜோக் என்றால் மாமியார், குண்டு மனைவி என்றுதான் இருந்தது. டாட்டிடமும் அது உண்டு, பாட்டும் நகைச்சுவையும் கலந்து நடந்த பழைய வெரைட்டி அரங்கத்தின் வாடை அது, இன்றைக்குப் பார்க்கும்போது அந்த இடங்களில் எனக்கு முகம் சுருங்குகிறது. வுட் அதே பெண்களை உள்ளே இருந்து பேசவைத்தார். 2016-ல் 62 வயதில் போய்விட்டார். இன்னும் இருபது வருடம் எழுதியிருக்க வேண்டியவர்.

ஒலிவாங்கி:

மாதுளை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், மாமியார் ஜோக்குகள் உட்பட. எழுத்தாக எடுத்தால் வுட் எங்கேயோ உயரத்தில் இருக்கிறார்.

ஆனால் இந்த வரிசையில் பாப் மங்க்ஹவுஸும் உண்டு, அதே 1994-ல். அவர் ஜோக்குகளைக் கையால் எழுதிப் படம் வரைந்து தடித்த கோப்புகளில் சேர்த்து வைத்தவர். 1995-ல் இரண்டு கோப்புகள் திருடுபோய், பரிசு அறிவித்து மீட்டார். டாட், மங்க்ஹவுஸ் இருவருக்கும் ஜோக் ஒரு கைவினைப் பொருள். தச்சர் உளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அந்தத் தலைமுறை பிறர் எழுதியதையும் வாங்கும், தீட்டும், பத்து வருடம் பயன்படுத்தும், எழுதியது யார் என்பது முக்கியமில்லை, எப்படி விழுகிறது என்பதுதான் முக்கியம். வுட்டும் கானலியும் வந்த பிறகு நகைச்சுவையாளர் என்றால் தன் வாழ்க்கையைச் சொல்பவர் என்று ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

செம்பருத்தி:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். ஒலிவாங்கி சொன்னபடி முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், பிறகு படத்தோடு பார்த்தேன். ஒவ்வொரு ஜோக்கையும் புரிந்துகொண்டே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டேன். ஒன்று போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று உட்கார்ந்தேன். இருபது நிமிடம் போன பிறகு என்னை அறியாமல் சிரித்தேன். எதற்கு என்று திரும்ப ஓட்டிப் பார்த்தால், அது ஒரு ஜோக்கே இல்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணை விரித்துச் சும்மா நின்ற இடம்.

மாதுளை சொன்ன பழைய வாடையுள்ள இடங்கள் எனக்கும் உறுத்துகின்றன. கானலியைத்தான் இப்போதும் அதிகம் விரும்புகிறேன். ஆனால் டாட்டிடம் ஒன்றும் இல்லை என்ற தொனியில் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கடல்காகம், அந்த ஒரு மணி நேரம் முடிந்தபோது உங்கள் ஃப்ளோரல் பவிலியன் இரவை நினைத்தேன். இன்னும் நான்கு மணி நேரம் இப்படியே போனால் ஒரு கூட்டம் என்ன ஆகும் என்று லேசாகப் புரிந்தது.

கடல்காகம்:

திரும்பி வந்து எழுதியதற்கு நன்றி, செம்பருத்தி. மாதுளை சொன்னதையும் யோசித்தேன். ஒரு மணி நேரத்துக்காகவே எழுதுவது தனிக் கலை, அதில் வுட்டுக்கு இணை இல்லை. டாட்டுக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு வாசல்தான். ஆனால் அந்த வாசல் இல்லாவிட்டால் அவரைவிட முப்பது வயது சின்னவர்கள் எத்தனை பேர் அரங்கத்துக்கு வந்திருப்பார்கள்? நான் போன அன்று வரிசையில் தாத்தா பாட்டிகளுக்கு நடுவே இருபது வயதுப் பிள்ளைகளும் நின்றார்கள்.

2017-ல் சர் பட்டம் கிடைத்தது, அவருக்கு 89 வயது. அடுத்த வருடம் மார்ச் 9 அன்று, நாற்பது ஆண்டு காலம் உடனிருந்த ஆன் ஜோன்ஸை வீட்டிலேயே திருமணம் செய்தார். இரண்டு நாள் கழித்து, 11-ம் தேதி, லிவர்பூலின் நாட்டி ஆஷ் பகுதியில் தான் பிறந்த அதே வீட்டில் இறந்தார். அந்த வாரம் நான் லைம் ஸ்ட்ரீட் நிலையம் வழியாகத் தினமும் போனேன். சிலையைச் சுற்றி யார் யாரோ வண்ண வண்ணமாகக் கிச்சுகிச்சுக் கோல்களைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பெஸ்ஸி பிராடக் கையிலும் ஒன்று இருந்தது. வேலைக்கு ஓடுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். கேசட் கொடுத்த பெரியவர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

தேம்ஸ்கரை:

அண்ணா, ஒரு செய்தி. இந்த இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது 81. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நிகழ்ச்சியைப் பெரிய திரையில் போட்டோம். முப்பது வருடம் இங்கே இருந்த ஆள், இப்போது எல்லாம் விளங்குகிறது. சிலேடைகளை என் பிள்ளைகளுக்கு அவர்தான் விளங்கப்படுத்தினார். சின்னவன் "பொறுங்கோ தாத்தா, கேட்க விடுங்கோ" என்றான்.

முடிந்து பெயர்கள் ஓடும்போது அப்பா திரும்பி என்னைப் பார்த்து, "மிச்சம் எங்கே?" என்று கேட்டார்.

கடல்காகம்:

2002-ல் இரண்டாவது தடவையும் அவரை அழைத்துச் செய்தார்கள், 'அனதர் ஆடியன்ஸ் வித் கென் டாட்' என்று தேடுங்கள். அதுவும் முடிந்துவிட்டால் அப்பாவிடம் சொல்லுங்கள், என்னிடம் பெரியவர் கொடுத்த கேசட்டுகள் இன்னும் நான்கு இருக்கின்றன. கணினிக்கு மாற்றி அனுப்புகிறேன்.